பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினில் மேனிஃபோல்டுகளைத் திரும்பப் பூட்டுதல்: முதல்முறை செய்பவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் அம்பாசிடர் காரின் இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளை, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கொண்டுபோகும் குழாயையும் புகையை வெளியேற்றும் குழாயையும், கழற்றிச் சுத்தம் செய்து பூட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்துத் தொடங்கினேன். மூன்று முறை கழற்றிப் பூட்டி, ஒரு ஸ்டட்டை (நட்டு மாட்டும், தலையில்லாத மரைக்கம்பி) சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே உடைத்து, 19-ஆம் நாளில்தான் வேலை முடிந்தது. அந்த 19 நாட்களில் கற்றுக்கொண்டதை, நீங்கள் ஒரே முறையில் முடிப்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். என் வண்டியில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். ஆனால் இரண்டு மேனிஃபோல்டுகளும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் அமர்ந்து, ஒரே நட்டையும் வாஷரையும் பங்கிட்டுக்கொள்ளும் எந்தப் பழைய இன்ஜினுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

1. தாள்களையும் நாட்களையும் முதலில் பாருங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பதிவுச் சான்றிதழையும், புகைச் சான்றிதழையும், காப்பீட்டுத் தாளையும் எடுத்து, எது எந்தத் தேதியில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு பிரிந்து கிடக்கும் வாரத்தில் புகைச் சான்றிதழ் முடிந்துவிட்டால், வண்டியைச் சோதனை மையத்துக்கு ஓட்டிச் செல்வதே விதிமீறலாகிவிடும். பழைய வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் இந்த நாள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது.

பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதற்கான படிவம் 25-ஐப் பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்ப்பார். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய். பசுமை வரி இதற்கு வெளியே. இவ்வளவு செலவழித்துப் போகும் நாளில் சைலன்சர் பக்கம் புகை கசிந்து டிக் டிக் என்று சத்தம் வரக்கூடாது. ஆகவே மேனிஃபோல்டு வேலையை அந்த 60 நாட்களின் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஒரே மாதிரியான மேனிஃபோல்டை மாற்றிப் பூட்டுவதற்கு அலுவலக அனுமதி எதுவும் தேவையில்லை. இன்ஜினையே மாற்றினால்தான் பதிவுச் சான்றிதழில் திருத்தம் வேண்டும்.

நிதானமாகச் செய்தால் மொத்தம் ஒரு வாரம் ஆகும்: ரஸ்ட் ஸ்ப்ரே ஊற இரண்டு மாலைகள், கழற்ற ஒரு பகல், லேத் பட்டறைக்கு இரண்டு நாள், பூட்ட ஒரு பகல், மறுநாள் காலை மறு இறுக்கம்.

2. பொருள்கள், செலவு

கழற்றிய பழைய பேக்கிங்கை (ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் லீக்கைத் தடுக்கும் தகடு) தூக்கி எறியாமல் மாதிரிக்குக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அம்பாசிடரில் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, 1489 சி.சி. டீசல் இன்ஜினும் உண்டு. "1489-க்கு மேனிஃபோல்டு பேக்கிங்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. இசுசு 1800 பெட்ரோல் இன்ஜினுக்கு உரியது முற்றிலும் வேறு. "பெட்ரோல், பழைய மாடல், மேனிஃபோல்டு" என்று மூன்றையும் சொல்லி, மாதிரியின் மேல் வைத்துத் துளைக்குத் துளை பார்த்து வாங்க வேண்டும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கிடைக்காவிட்டால் சேலம் போகலாம். நான் பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். பேருந்தில் போய் வர ஒரு நாள் முழுதும் போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு போவது நல்லது.

நான் கொடுத்த விலைகள் இவை. மேனிஃபோல்டு பேக்கிங் 280 ரூபாய், சைலன்சர் பைப்புக்கும் கார்புரேட்டருக்குமான சிறு பேக்கிங்குகள் 150, புது ஸ்டட்டுகளும் பித்தளை நட்டுகளும் 540, ரஸ்ட் ஸ்ப்ரே 220, காப்பர் கிரீஸ் 350, மேனிஃபோல்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஃபேசிங் போட (பொருந்தும் முகத்தைச் சீவிச் சமனாக்க) 1,400. மொத்தம் 2,940 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. எனக்கு 4,800 ஆனது. கூடுதலாகப் போன 1,860 ரூபாயும் கீழே நான்காம் பகுதியில் சொல்லப்போகும் ஒரே தவறுக்காகக் கொடுத்தது.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த இன்ஜினில் மரைகள் அங்குல அளவில் இருக்கின்றன. மேனிஃபோல்டு ஸ்டட்டு 5/16 அங்குலம். அதன் நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர் வேண்டும், அதாவது 12.7 மி.மீ. வீட்டில் இருக்கும் 13 நம்பர் ஸ்பேனரும் அதில் உட்காரும். ஆனால் துருப்பிடித்த நட்டில் அழுத்தம் கொடுக்கும்போது அந்த 0.3 மி.மீ. இடைவெளியே நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். அறுமுக ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனராகவே வாங்குங்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் தெரிந்த பட்டறையில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கழற்றுதல்

இரண்டு நாள் முன்பிருந்தே மாலையில் இன்ஜின் ஆறியபின் ஒவ்வொரு நட்டின் மீதும் ரஸ்ட் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். கழற்றும் நாளில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, பெட்ரோல் டியூபைப் பிடுங்கி அதன் வாயை அடைத்து, கார்புரேட்டரை இணைப்புக் கம்பிகளோடு படமெடுத்துக்கொண்ட பிறகே கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் டியூப், சோக் கேபிள், ஆக்சிலேட்டர் இணைப்பு ஆகியவற்றில் சிறு துணித்துண்டு கட்டி எண் எழுதிவைத்தால் ஒரு வாரம் கழித்துப் பூட்டும்போது திகைக்க வேண்டியிருக்காது.

இறுகிய நட்டை ஒரே மூச்சாகக் கழற்றப் பார்க்காதீர்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி ஸ்ப்ரே அடித்து, மறுபடி கழற்ற வேண்டும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே ஹெட்டிலிருந்து கழன்று வந்தால் வருத்தப்பட வேண்டாம். எப்படியும் ஸ்டட்டுகளைப் புதிதாகப் போடப் போகிறோம்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும் ஹெட்டில் ஐந்து வாய்கள் தெரியும். ஓரத்தில் இரண்டும் நடுவில் ஒன்றும் எக்ஸாஸ்ட். இடையில் இருக்கும் இரண்டும் இன்டேக். 1, 2-ஆம் சிலிண்டர்களுக்கு ஓர் இன்டேக் வாய், 3, 4-க்கு இன்னொன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லீக் தேடும்போது பெரிதும் உதவும். ஐந்து வாய்களிலும் உடனே சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். ஒரு சிறு வாஷர் உள்ளே விழுந்தாலும் ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை வரும். இன்டேக் வாயில் மெல்லிய எஃகு வளையம் செருகியிருந்தால் அது மேனிஃபோல்டை நேர் நிறுத்துவதற்காக இருப்பது. கழிவென்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது முகக்கவசம் அணியுங்கள். அந்தக் காலத்துப் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும். ஏர் அடித்து ஊதவே கூடாது. பட்டறைகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் விளையாடும் முற்றமாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

4. முகங்களைச் சமன் பார்த்தல்: வேலை கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான்

என் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வளைந்திருந்தது. வார்ப்பிரும்பு பல ஆண்டுகள் சூடேறி ஆறுவதால் இது நடக்கும். நான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அவர்கள் முகத்தை அரை மி.மீ. அளவுக்குச் சீவி, கண்ணாடிபோல் சமனாக்கி, 600 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கையில் வாங்கும்போது அவ்வளவு மகிழ்ச்சி. பூட்டி ஸ்டார்ட் செய்தால் முன்பைவிட அதிகமாக டிக் டிக் என்றது. பேக்கிங்தான் சரியில்லை என்று நினைத்து இன்னொன்று வாங்கிப் போட்டு, இந்த முறை நன்றாக இறுக்குவோம் என்று அழுத்தினேன். ஸ்டட்டு ஹெட்டின் விளிம்போடு உடைந்தது. அதை எடுக்க 700 ரூபாய், மூன்றாவது பேக்கிங்குக்கு மறுபடி 280.

காரணம் இதுதான். நட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பெரிய வாஷர் ஒரு பாதியால் இன்டேக் மேனிஃபோல்டின் விளிம்பையும், மறு பாதியால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் விளிம்பையும் அழுத்துகிறது. இரண்டு விளிம்புகளும் ஒரே தடிமனில் இருந்தால்தான் வாஷர் தட்டையாக உட்கார்ந்து இரண்டையும் சமமாக அழுத்தும். ஒன்றை மட்டும் அரை மி.மீ. சீவிவிட்டால், வாஷர் தடித்த பக்கத்தில் முட்டிக்கொண்டு சாய்ந்துவிடும். மெலிந்த பக்கம் எவ்வளவு இறுக்கினாலும் இறுகாது. இறுக்க இறுக்க, சாய்ந்த வாஷர் ஸ்டட்டை ஒரு பக்கமாக வளைத்து ஒடிக்கும். காவேரிப்பட்டினத்தில் ஒரு வயதான பட்டறைக்காரர் மேனிஃபோல்டைக் கையில் வாங்கிப் பார்த்த உடனே, "ரெண்டையும் ஒண்ணா புடிச்சுத்தான் ஃபேசிங் போடணும் தம்பி, தனித்தனியா போட்டா ஒண்ணு பிடிக்கும் ஒண்ணு ஊதும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் ஹெட்டில் வெல்டிங் பட்டிருக்காது.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதலில் ஹெட்டின் முகத்தில் நேரான எஃகு ஸ்கேலை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். 0.1 மி.மீ. தகடு எளிதாக நுழைந்தால் கவனிக்க வேண்டும். பிறகு இரண்டு மேனிஃபோல்டுகளையும், நடுவில் அவற்றை இணைக்கும் போல்ட்டுகள் இருந்தால் அவற்றைத் தளர்வாகப் போட்டு, ஒன்றாகச் சமதளத்தின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் சமதளத்துக்குப் பஞ்சம் இல்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்துக் கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிப் போடும் மெருகேற்றிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் மீது ஸ்கேலை வைத்து நேர் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். வீட்டு வேலைக்கு அது போதுமான அளவுக்குத் தட்டையாக இருக்கும். ஃபீலர் கேஜ் எங்கெல்லாம் நுழைகிறதோ அங்கே சாக்பீஸால் குறியிடுங்கள்.

ஃபேசிங் தேவைப்பட்டால் இரண்டையும் இணைத்த நிலையில், ஐந்து வாய்களும் ஒரே தளத்தில் வருமாறு ஒரே தடவையில் போடச் சொல்லுங்கள். கொடுக்கும் முன்பும் வாங்கிய பின்பும், வாஷர் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் இன்டேக் விளிம்பையும் எக்ஸாஸ்ட் விளிம்பையும் வெர்னியரால் அளந்து எழுதிவையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெலிந்த பக்கத்தில் தகரத் துண்டு வைத்துச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். சூட்டில் அது நெளிந்து நழுவும், ஏற்றுக்கொள்ளாதீர்கள். சாய்ந்து தேய்ந்த பழைய வாஷர்களையும் மறுபடி போட வேண்டாம்.

5. ஸ்டட்டுகள்

புது ஸ்டட்டு கிடைக்கவில்லை என்று 8 மி.மீ. ஸ்டட்டைக் கொடுப்பார்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. என்பதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், இரண்டு மூன்று சுற்று உள்ளேயும் போகும். ஆனால் மரையின் நெருக்கம் வேறு. மேற்கொண்டு திருகினால் ஹெட்டின் மரை அழிந்துவிடும். கையால் முழுதாகத் திருக முடிகிற ஸ்டட்டே சரியான ஸ்டட்டு. துளைக்குள் அதே மரையின் டேப்பை (மரை வெட்டும் கருவி) ஒருமுறை விட்டு, துருவையும் கரியையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

உடைந்த ஸ்டட்டு ஹெட்டுக்கு வெளியே சற்றாவது நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் பிடித்து, சூடு ஆறத் தொடங்கும்போது மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். விளிம்போடு உடைந்திருந்தால் நீங்களாக டிரில் போடாதீர்கள். டிரில் நழுவித் துளை கோணலானால் அந்த வாய் நிரந்தரமாக லீக் அடிக்கும். அனுபவமுள்ள கைக்குக் கொடுத்துவிடுங்கள்.

6. பூட்டுதல்

வாய்களில் திணித்த துணிகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஐந்தும் வெளியே வந்தாக வேண்டும். பேக்கிங்கை ஹெட்டின் மேல் மாட்டி, எந்த வாயையும் அது மறைக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் உலோகத் தகடு உள்ள பேக்கிங்காக இருந்தால் அந்தப் பக்கம் மேனிஃபோல்டை நோக்கி வர வேண்டும். பேக்கிங்கை உலர்வாகவே போடுங்கள். டியூபில் வரும் சிலிக்கான் பசையைத் தடவினால் எக்ஸாஸ்ட் பக்கம் அது கருகும். இன்டேக் பக்கம் பெட்ரோல் பட்டுக் கரையும், கரைந்த துணுக்கு உள்ளேயும் போகும்.

இரண்டு மேனிஃபோல்டுகளையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டட்டுகளில் மாட்டுவதற்கு இன்னொருவர் துணை வேண்டும். ஸ்டட்டு மரையில் காப்பர் கிரீஸ் லேசாகத் தடவி, வாஷர்களை வைத்து, எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் திருகுங்கள். இந்த நிலையில் ஒவ்வொரு வாஷரும் இரண்டு விளிம்புகளிலும் தட்டையாகப் படிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தாலும் மேலே போகாதீர்கள்.

பிறகு நடுவில் தொடங்கி, மாறி மாறி இரண்டு ஓரங்களை நோக்கி இறுக்க வேண்டும். முதல் சுற்றில் 5 பவுண்டு-அடி, இரண்டாம் சுற்றில் 10, மூன்றாம் சுற்றில் 15. அது ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். நீண்ட கைப்பிடியில் பழகியவர்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும், "இன்னும் கொஞ்சம்" என்று கை துடிக்கும். 5/16 அங்குல ஸ்டட்டுக்கு இதுவே போதும். மேனிஃபோல்டுகளைத் தம்முள் இணைக்கும் நடு போல்ட்டுகளைக் கடைசியில் இறுக்குங்கள். அவற்றை முன்னதாகவே இறுக்கிவிட்டால் இரண்டு மேனிஃபோல்டுகளும் தத்தம் இடத்தில் படிய இடமில்லாமல் போகும்.

7. சைலன்சர் பைப், கார்புரேட்டர்

சைலன்சரின் முன் பைப்பை மேனிஃபோல்டில் மாட்டும்போது அதன் எடையை ஜாக்கியோ கம்பியோ தாங்க வேண்டும். வண்டிக்கு அடியில் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள் அறுந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். அந்த எடை முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கினால் நீங்கள் செய்த வேலை ஓரிரு மாதங்களில் தளர்ந்துவிடும்.

கார்புரேட்டரின் இரு பக்கப் பேக்கிங்குகளையும் புதிதாகப் போட்டு, இடையில் இருக்கும் வெப்பத்தடைக் கட்டையை மறக்காமல் வையுங்கள். இரண்டு நட்டுகளையும் மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றையே முதலில் இறுக்கினால் விளிம்பு வளையும். வேக்குவம் டியூப் வெடித்திருந்தால் புதிது போடுங்கள்.

8. முதல் ஸ்டார்ட்டும் லீக் தேடலும்

வண்டியை ஷெட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நிறுத்தி, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்க்க வேண்டும். முதல் கால் மணி நேரம் கிரீஸும் எண்ணெயும் எரிந்து புகை வரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

எக்ஸாஸ்ட் லீக்கை இன்ஜின் குளிர்ந்திருக்கும் முதல் நிமிடத்திலேயே தேடுங்கள். சூடேறினால் இரும்பு விரிந்து சிறு லீக் தற்காலிகமாக அடைந்துவிடும். ஒருவர் தடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடிகள் பாதியளவு மறைக்க, இன்னொருவர் மேனிஃபோல்டு பக்கம் காது கொடுத்தால் இடம் தெரிந்துவிடும்.

இன்டேக் லீக்குக்கு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. இந்த இன்ஜினில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்டேக்குக்கு நேர் அடியில் சுடும் எக்ஸாஸ்ட் இருக்கிறது, தீப்பிடிக்கும். தண்ணீர் தெளித்தால் சூடான வார்ப்பிரும்பில் விரிசல் விழக்கூடும். ஊசி போடும் சிரிஞ்சில் இன்ஜின் ஆயில் எடுத்து, இன்டேக் இணைப்பின் மேல் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். லீக் இருக்கும் இடத்தில் ஆயில் உள்ளே இழுக்கப்படும், ஐட்லிங் சத்தமும் மாறும்.

ஸ்பார்க் பிளக்குகளும் சாட்சி சொல்லும். 10 கி.மீ. ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். 1, 2 இரண்டும் வெளுத்து, 3, 4 பழுப்பாக இருந்தால் முன்பக்க இன்டேக் வாயில் காற்று நுழைகிறது. நான்கும் வெளுத்திருந்தால் கார்புரேட்டர் பேக்கிங்கையோ மிக்ஸர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) அளவையோ பாருங்கள்.

ஓட்டிப் பார்க்க நான் கே.ஆர்.பி. அணை வரை போய்த் திரும்பினேன். தருமபுரிக்காரர்கள் ஏற்றத்தில் சோதிக்கலாம் என்று தொப்பூர் கணவாய்க்குப் போக வேண்டாம். லாரிகள் நெருக்கியடிக்கும் அந்த இறக்கத்தில், நடுவழியில் நிற்கக்கூடிய வண்டியோடு யாரும் இருக்கக்கூடாது.

9. மறு இறுக்கம், புகைச் சான்றிதழ்

மறுநாள் காலை, இன்ஜின் முழுவதும் குளிர்ந்த நிலையில், அதே வரிசையில் மறுபடி 15 பவுண்டு-அடிக்கு இறுக்குங்கள். புதுப் பேக்கிங் ஒருமுறை சூடேறியதும் சற்று அமுங்கியிருக்கும். எனக்கு நடு நட்டுகள் கால் சுற்று வரை போயின. 100 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை பாருங்கள். சூட்டில் ஒருபோதும் இறுக்காதீர்கள்.

இதன் பிறகு மிக்ஸர் டியூனிங். எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில், இன்ஜின் சூடான நிலையில், கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக மெல்லத் தூக்குங்கள். வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே குறைந்து நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

புகைச் சோதனைக்கு இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் போங்கள். பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். இத்தகைய பழைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.முக்கும் மேல் போகக்கூடாது. கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் எல்லைக்கு மேலாகவும் வந்தால் கார்புரேட்டரைத் திருகாதீர்கள். அது பெரும்பாலும் இன்டேக் பக்கம் காற்று நுழைந்து இன்ஜின் மிஸ்ஸிங் அடிப்பதன் அடையாளம். எட்டாம் பகுதிக்குத் திரும்பி, சிரிஞ்சை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தேடுங்கள். இரண்டு அளவுகளும் எல்லைக்குள் வந்தால், அச்சிட்ட தாளில் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொண்டு, படிவம் 25 கொடுக்க வேண்டியவர்கள் அந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.